தாயாரின் மறதியும் பிள்ளைகளின் கடமையும்

(ஈப்போவில் கூடிய முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தாரிடையே, ஓய்வுபெற்ற தோட்ட மருந்தக டிரசர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கத்து மேடைகளிலே நாம் சம்பளத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். வீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறோம். தோட்டங்கள் கைமாறியபோது நட்டஈட்டைப் பற்றித் தொண்டை வறளப் பேசியிருக்கிறோம். ஆனால், நம் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்கும் தாயாரைப் பற்றி எந்த மேடையிலாவது பேசியதுண்டா? இல்லை. ஏன்? வெட்கம். "அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் சொல்லுமே!" என்ற பயம். அந்த வெட்கத்தையும் பயத்தையும் சற்றே விலக்கி வைத்துவிட்டு, இன்று மனம்விட்டுப் பேசலாமென்று வந்திருக்கிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பிறந்தவன். பின்னர் பல வருஷங்கள் தோட்டத்து மருந்தகங்களில் டிரசராக வேலை பார்த்தவன். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். உளி வெட்டிய காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். பாம்பு கடித்தவர்களை நடுராத்திரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த இவன், தன்னைப் பெற்ற தாயின் நோயை இரண்டு வருஷ காலம் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாதது மட்டுமா? அவரை அதட்டினான். அந்தக் குற்றத்தை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டுதான் என் பேச்சைத் தொடங்குகிறேன். நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருந்தால், அதுவே எனக்குப் போதும்.

சீட்டுக் கணக்கு தவறியது

என் தாயார் 1941-ஆம் ஆண்டில் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தோட்டத்திலே பள்ளிக்கூடம் இல்லாமலில்லை. ஆனால் பெண் பிள்ளை பள்ளிக்குப் போனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது யார்? பதினைந்தாம் வயதில் உளி பிடித்தவர், ஐம்பத்தைந்தாம் வயதில்தான் அதைக் கீழே வைத்தார். ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் லயத்திலே இருபது பேர் சேர்ந்து போட்ட சீட்டுக்குக் கணக்குப்பிள்ளை அவர்தான். யார் கட்டினார், யார் பாக்கி, யார் எந்த மாதம் எடுத்தார் என்பதெல்லாம் அவர் மனத்திலேயே இருக்கும். தாளில்லை, பென்சிலில்லை. ஒரு காசு பிசகியதாக ஒருவரும் சொன்னதில்லை.

தோட்டம் கைமாறியபின் நாங்கள் ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறினோம். அங்கும் பழைய தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்து அம்மா சீட்டு நடத்தினார். 2012-ஆம் ஆண்டில் ஒரு நாள், ஏற்கெனவே சீட்டெடுத்த ஒரு பெண்ணுக்கே மறுபடியும் பணத்தைக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம், ஒழுங்காகப் பணம் கட்டிய இன்னொரு பெண்ணைப் பார்த்து, "நீ இன்னும் கட்டலையே!" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டு போய்விட்டாள். முப்பது வருஷத்துப் பழக்கம் ஒரே நாளில் முறிந்தது. அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஏம்மா, வயசான காலத்துல உனக்கு எதுக்கு இந்த வேலை? ஊர்ல என் மானம் போகுது!" என்று சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலை இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

தோழர்களே! அதுதான் நோயின் முதல் தட்டு. கதவைத் தட்டியது நோய். நான் எழுந்து போய்த் திறக்கவில்லை.

வயது வேறு, நோய் வேறு

"வயசானா மறதி வராதா?" என்று நீங்கள் கேட்கலாம். வரும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் சட்டென்று நினைவுக்கு வராமற் போவதும் வயதின் இயல்பு. சற்று நேரம் கழித்து அந்தப் பெயர் தானே வந்துவிடும். ஆனால் நான் சொல்லும் மறதி அப்படிப்பட்டதன்று. உளியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது, உளியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்கு?" என்று கேட்பது நோய். இந்த வித்தியாசத்தை மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும்.

இந்நோயை டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். மலாய்க்காரர் பேச்சு வழக்கில் 'ஞாஞுக்' என்பார்கள். இது ஒரே நோயன்று. மூளையின் அணுக்கள் பழுதுபடுவதால் வரும் பல நோய்களுக்குப் பொதுப்பெயர். அவற்றில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மனியிலே அலோய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர், 1901-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகர ஆஸ்பத்திரியில் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவரைக் கண்டார். "உன் கணவர் பெயர் என்ன?" என்று கேட்டால், அந்த அம்மாள் தன் சொந்தப் பெயரையே சொல்வாராம். அவர் இறந்தபின் அவருடைய மூளையைச் சோதித்து, 1906-இல் டாக்டர்கள் கூடிய சபையிலே தாம் கண்டதை அல்சைமர் எடுத்துச் சொன்னார். ஆக, இது பேய் பிடித்ததுமன்று, செய்வினையுமன்று, கர்மவினையுமன்று. கண்ணாடிக் கருவியால் பார்க்கக் கூடிய பழுது. இரத்தக் கொதிப்பாலும் இனிப்பு நீராலும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் கெட்டு வருகிற இன்னொரு வகையும் உண்டு. அவ்விரண்டு நோயும் நம் மக்களிடத்திலே எவ்வளவு மலிந்திருக்கின்றன என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2018-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்விலே, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100-க்கு 8.5 பேரிடம் இந்நோயின் அறிகுறி இருக்கக் கண்டார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். பள்ளிக்கூடம் போகாதவர்களிடத்தில் அது இன்னும் அதிகம். இந்த மண்டபத்தில் எத்தனை குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன! எண்ணிப் பாருங்கள். இது என் வீட்டுக் கதை மட்டுமன்று.

எதைக் கவனிக்க வேண்டும்?

கேட்ட கேள்வியையே ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் கேட்பது. சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போடுவது. அல்லது நாற்பது வருஷமாகச் செய்த சமையலையே செய்யத் தெரியாமல் அடுப்பின் முன் திகைத்து நிற்பது. தினம் போய்வரும் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது. சாமான்களின் பெயர் மறந்து, "அது, அந்த இது" என்று கையால் காட்டுவது. பத்து ரிங்கிட் எது, ஐம்பது ரிங்கிட் எது என்று குழம்புவது. திருவிழாவுக்கு முதல் ஆளாகப் புறப்படுகிறவர், "நான் வரல" என்று மூலையில் முடங்குவது. இவற்றில் ஏதேனும் ஒன்று ஒரு நாள் நடந்தால் பயப்பட வேண்டியதில்லை. மறுபடி மறுபடி நடந்து, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் சும்மா இருக்கலாகாது.

இன்னொன்றையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "என் சங்கிலியை மருமகள் எடுத்துவிட்டாள்" என்ற பழி! எத்தனை குடும்பங்கள் இந்த ஒரு வார்த்தையால் பிரிந்திருக்கின்றன! நோய் கண்டவர் நகையை எங்கேயோ பத்திரமாக வைப்பார். வைத்த இடம் மறந்து போகும். வைத்ததே மறந்து போகும். நகை இல்லை என்பது மட்டும் தெரியும். ஆகவே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவார். யார் அருகில் இருந்து சோறு போடுகிறாரோ, அவர் மேல்தான் அந்தப் பழி விழும். என் மனைவி மேலும் விழுந்தது. சங்கிலி அரிசி டின்னுக்குள் கிடைத்தது. பழி சொன்னது தாயாரல்லர், நோய் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இன்னொரு வருஷம் பிடித்தது.

நோட்டுப் புத்தகமே சாட்சி

2014-ஆம் ஆண்டில்தான் அம்மாவை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அதற்கு முன் என்னைத் தடுத்தது எது? சொல்லவே நாக்கூசுகிறது. இந்தப் பேராக் மாநிலத்திலே 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டதல்லவா? 1911-ஆம் ஆண்டில் அங்கே மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இன்று அதற்கு உலு கிந்தா பஹாகியா ஆஸ்பத்திரி என்று பெயர். சிறுவயதில் நாம் ஒருவரையொருவர், "உன்னை ரம்புத்தானுக்கு ஏற்றணும்" என்று கேலி செய்திருக்கிறோம். அந்தக் கேலி திரும்பி வந்து என் கழுத்தைப் பிடித்தது. நோய்க்கு ஆஸ்பத்திரி போவதில் என்ன இழிவு? கால் ஒடிந்தால் போகிறோம். மூளை பழுதுபட்டால் போகக் கூடாதா?

கிளினிக்கில் ஓர் இளைஞர், நல்ல டாக்டர். அம்மாவைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்டார். இது எந்த வருஷம்? இன்று என்ன தேதி? நூறிலிருந்து ஏழு போனால் எத்தனை? ஒரு வாக்கியம் எழுதுங்கள் பார்க்கலாம். பேனாவை நீட்டினார். அம்மா அந்தப் பேனாவை வாங்கவேயில்லை. வெட்கத்தோடு சிரித்து, "நான் நல்லாத்தான் இருக்கேன் ஐயா" என்றார். டாக்டர் என்ன முடிவுக்கு வருவார்? எழுதாதது நோயாலா, பள்ளிக்கூடம் போகாததாலா? தேதி தெரியாதது மறதியாலா, அல்லது ஆயுளில் என்றுமே தேதி பார்த்து வாழாததாலா? பெரட்டுக்கு மணி அடித்தால் எழுந்து ஓடியவருக்குக் காலண்டர் எதற்கு?

அந்த டாக்டர் பேரில் குற்றமில்லை. அவர் கையிலிருந்த அளவுகோல் படித்தவருக்காகச் செய்த அளவுகோல். 1998-ஆம் ஆண்டில் கொச்சியிலே கூடிய ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குறையைப் போக்க வேண்டுமென்று '10/66' என்ற பெயரில் ஒரு குழு அமைத்தார்கள். இந்நோய் கண்டவர்களில் 100-க்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியிலோ 100-க்கு 10 பங்குகூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். தமிழ்நாட்டிலே சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் அந்த ஆராய்ச்சி நடந்தது. எழுத்தறியாத முதியவரைத் தவறாக நோயாளி என்று முத்திரை குத்தாதிருக்க அவர்கள் கண்ட வழி என்ன? நோயாளியிடம் கேட்பதோடு நில்லாமல், அவரை நன்கறிந்த வீட்டாரிடமும் கேட்பது. முன்பு என்ன செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று விசாரிப்பது.

தோழர்களே, இன்று நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். நம் தாயாரின் நோயை முதலில் காண வேண்டியவர் டாக்டரல்லர்; நாம். சங்கத்திலே நாம் படித்த பாடம் என்ன? "நிர்வாகம் அநியாயம் செய்கிறது" என்று வெறுங்கையோடு போய் நின்றால் வழக்கு நிற்காது. எந்தத் தேதி, எத்தனை மணி, யார் சாட்சி என்று எழுதிக்கொண்டு போனால்தான் நிற்கும். அதே பாடத்தை வீட்டிலும் நடத்துங்கள். பேரப்பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். "இன்ன தேதி, கடையிலிருந்து வழி தெரியாமல் நின்றார். இன்ன தேதி, அடுப்பை அணைக்க மறந்தார்" என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். நான் இரண்டு மாதம் எழுதினேன். மறுதரம் போனபோது, இருபது பேருடைய சீட்டை மனக்கணக்காக நடத்தியவர் இவர் என்று சொல்லி, நோட்டை டாக்டர் முன் வைத்தேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கிளினிக்குக்குப் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்தாயினும் சரி, பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஏனென்றால் மறதியெல்லாம் டிமென்ஷியா ஆகிவிடாது. தைராய்டுக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு, ஒத்துக்கொள்ளாத மாத்திரை ஆகியவற்றாலும் மறதி வரும்; அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. காது மந்தத்தையும் கண்புரையையும்கூடச் சிலர் மறதியென்று எண்ணிவிடுவதுண்டு. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால் அது வேறு ஆபத்து. நீர்த்தாரையில் கிருமியாக இருக்கலாம், விழுந்ததால் தலைக்குள் இரத்தக் கசிவாக இருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

கோயிலுக்குப் போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். போகிற வழியில் கிளினிக்கிலும் இறங்குங்கள்.

"இன்னிக்கு மழை, வேலை இல்லை"

அல்சைமர் நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றைக்கும் கிடையாது. சிலருக்குச் சில காலம் தாங்கிப் பிடிக்கும் மாத்திரைகள் உண்டு. ஆகவே மருந்தைவிட நம் நடத்தையே பெரிய மருந்து. இதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா எழுந்துவிடுவார். "வாளி எங்கடா? பெரட்டுக்கு நேரமாச்சு, தண்டல் பேர் கூப்பிட்டுருவான்" என்று கதவைத் திறக்கப் போவார். முதலில் நான் வாதாடினேன். "தோட்டம் போய் எத்தனை வருஷம் ஆச்சும்மா! அந்த மரமெல்லாம் வெட்டிட்டாங்க. நீ இருக்கறது ஈப்போவில" என்றேன். அவருக்கு அது அப்போதுதான் கேட்கும் செய்தி. வேலை போன செய்தி, வீடு போன செய்தி! மார்பிலடித்துக்கொண்டு அழுவார். மறுநாளும் எழுவார், மறுநாளும் நான் சொல்வேன், மறுநாளும் அழுவார். ஒரே துக்கத்தைத் தினந்தோறும் புதிதாகக் கொடுத்துக்கொண்டிருந்த பாவி நான்.

என் மனைவிதான் வழி கண்டாள். ஒரு நாள் அவள் எழுந்து போய், "அத்தை, வெளியில நல்ல மழை. மரமெல்லாம் ஈரம். இன்னிக்குப் பால் வெட்டு இல்லையாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுங்க" என்றாள். அவ்வளவுதான்! மழையன்று பால் வெட்டில்லை என்பது நாற்பது வருஷம் உளி பிடித்தவருக்குத் தெரியாதா? "அப்படியா? பாவம், இன்னிக்குச் சம்பளம் இல்ல" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் விடியற்காலையெல்லாம் மழைதான்.

பொய் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். வாதத்தில் ஜெயித்து அவரை அழவைப்பதா பெரிது? அவர் எந்தக் காலத்தில் நிற்கிறாரோ, அந்தக் காலத்தில் நாமும் போய் நின்று கைபிடித்து அழைத்து வருவதுதான் பிள்ளைக்கு அழகு.

இன்னொரு சம்பவம். சாயங்காலமானால் அம்மா சோற்றை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் மறைத்துக்கொள்வார். எறும்பு வரும், நாற்றம் வரும். பேரப்பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு நாள் அருகில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்: "யாருக்கும்மா இது?" அவர் சுற்றுமுற்றும் பார்த்து, "எங்கம்மாவுக்குடா. காட்டுல பசியா இருக்கும். கேட்டுல சோதிப்பான், சத்தம் போடாதே" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1948 ஜூன் 16-இல் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலே மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்ததும், அது 1960 வரை நீடித்ததும் நீங்கள் அறிந்ததே. காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாதென்று, வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை போட்டார்கள். கம்பிவேலி வாசலிலே ஆணையும் பெண்ணையும் சோதித்து அனுப்பினார்கள். அப்போது அம்மாவுக்குப் பத்து வயது. பட்டினியோடு மரம் வெட்டப் போன தன் தாய்க்குச் சோறு கொடுத்தனுப்ப முடியாத அந்தக் குழந்தை, அறுபது வருஷங்கள் கழித்து அந்தக் கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தது! அன்று முதல் நாங்கள் அந்த முடிச்சைப் பிடுங்கவில்லை. அவர் தூங்கியபின் எடுத்துவிட்டுத் துவைத்த துணியை வைப்போம். நோய் எல்லாவற்றையும் அழித்தாலும் அன்பைக் கடைசியில்தான் அழிக்கிறது.

அம்மாவிடமிருந்து முதலில் போன மொழி மலாய். தமிழ் மட்டும் கடைசிவரை நின்றது. பின்னால் கற்றது முன்னால் போய்விடும் போலும். ஆகவே ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ விட நேர்ந்தால், தமிழ் பேசும் ஒருவர் அடிக்கடி போய்ப் பேச வேண்டும். இல்லாவிட்டால் ஊமையாகி உட்கார்ந்துவிடுவார்.

பாதுகாப்பு விஷயங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டாரின் டெலிபோன் நம்பரை எழுதி அவர் சட்டைப்பையிலோ கைவளையத்திலோ வையுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் கடைக்காரரிடமும் நோயை மறைக்காமல் சொல்லி வையுங்கள். வழி தவறினால் அவர்கள்தான் முதலில் காண்பார்கள். காணாமற் போனால் ஒரு நாள் பார்க்கலாமென்று இராமல் உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். கேஸ் அடுப்பின் சாவியைச் சமையல் முடிந்ததும் மூடுங்கள். கட்டி வைக்காதீர்கள், தனியே பூட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். சேமநிதிப் பணம், வீட்டுப் பத்திரம், உயில் ஆகியவற்றை அவருக்குத் தெளிவு இருக்கும்போதே அவர் விருப்பப்படி ஒழுங்கு செய்யுங்கள். தெளிவற்றவரின் கைநாட்டை வாங்கிச் சொத்தை எழுதிக்கொள்வது, தாயின் மடியிலே கைவைத்துத் திருடுவதற்கு ஒப்பாகும்.

வீட்டுக்குள் ஓய்வு நாள்

இனி நான் சொல்லப் போவது ஆண்களுக்கு. ஒரு நாள் என் மனைவி கேட்டாள்: "என்னங்க, தோட்டத்துல வாரத்துக்கு ஒரு நாள் லீவு உண்டே. எனக்கு எப்போ லீவு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 1955-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்திலே வாரம் ஒரு ஓய்வு நாள் என்று இருக்கிறது. அதைக் காக்கச் சங்கம் வைத்தோம், கொடி பிடித்தோம், கோஷம் போட்டோம். வீட்டுக்குள்ளே ஒரு பெண் இரவும் பகலும் சம்பளமின்றி, லீவின்றி, ஒரு நன்றியுமின்றி உழைக்கிறாள். அவளுக்குச் சங்கம் எங்கே? மூன்று பிள்ளைகளில் ஒருவன் வீட்டில் தாயார் இருந்தால், மற்ற இருவரும் தீபாவளிக்குத் தீபாவளி வந்து, "அம்மா ஏன் இளைச்சுட்டாங்க?" என்று குற்றம் கண்டுபிடிப்பதா நியாயம்?

அன்று ஜொகூரிலிருக்கும் தம்பியையும் கிள்ளானிலிருக்கும் தங்கையையும் அழைத்துப் பேசினேன். முதலில் சண்டைதான் வந்தது. பிறகு, நிரை பிரித்துக் கொடுப்பதுபோல் வேலையைப் பிரித்துக்கொண்டோம். தம்பி மாதாமாதம் பணம் அனுப்பினான். தங்கை மாதத்தில் ஒரு வாரம் வந்து தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை முழுதும் அம்மா என் பொறுப்பு; குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நானே. அன்று என் மனைவி தன் அக்காள் வீட்டுக்குப் போய்வருவாள். மூன்று மாதத்தில் அவள் முகம் தெளிந்தது. அதைக் கண்டு அம்மாவின் முகமும் தெளிந்தது.

உதவிக்கு ஆளில்லை என்று இருந்துவிட வேண்டாம். ஈப்போவிலே டிமென்ஷியா நோயாளிகளுக்காகவும் அவர்களைப் பராமரிப்போருக்காகவும் ஒரு சங்கம் இருக்கிறது. வறிய முதியோருக்கு மாத உதவி உண்டா என்று சமூக நலத் துறையில் கேளுங்கள். மனு எழுதத் தெரியாத வீட்டாருக்கு, எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதுவும் தொழிற்சங்க வேலைதான்.

நமக்கும் ஒரு வார்த்தை. 'லான்செட்' என்ற மருத்துவ ஏடு அமைத்த குழு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் 14 காரணங்களை எடுத்துக் காட்டியது. அவற்றையெல்லாம் ஆயுள் முழுதும் கட்டுப்படுத்தினால், உலகில் இந்நோயின் 100-க்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், புகை, அளவுமீறிய குடி, தலைக்காயம், காது மந்தம், தனிமை எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். சம்சு நம்மை என்ன செய்தது என்று மருந்தகத்தில் கண்ணாரக் கண்டவன் நான். அந்தக் காரணங்களில் இன்னொன்று, சிறுவயதில் கல்வி இல்லாமை. நம் தாய்மாருக்குக் கல்வி கிட்டாதது அவர்கள் தலையெழுத்தன்று. அது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. அந்த அநீதியின் வட்டியைத்தான் இன்று அவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பெண்பிள்ளையின் படிப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

என் தாயார் 2021-ஆம் ஆண்டில், தம் எண்பதாம் வயதில், எங்கள் வீட்டிலேயே கண்மூடினார். கடைசி மாதங்களில் என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "ஐயா, நீங்க டிரசரா?" என்று கேட்பார். "ஆமாம்மா" என்பேன். "எம்மகனும் டிரசர்தான். நல்ல பிள்ளை. கோபம்தான் கொஞ்சம் வரும்" என்பார். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்?

கோலகங்சாரிலே 1877-ஆம் ஆண்டில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. சரித்திரச் சின்னமென்று அதைக் காத்து வருகிறார்கள். காக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த மரத்தின் சந்ததிகளுக்கெல்லாம் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய கைகள் நம் வீட்டு மூலையில் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கைகளைக் காக்க வேண்டியவர்கள் நாம் அல்லவா?

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயார் பக்கத்திலே சற்று உட்காருங்கள். பழைய கதையைக் கேளுங்கள். கேட்ட கதையையே மறுபடியும் சொன்னால், முதல் தரம் கேட்பதுபோலக் கேளுங்கள். மனத்தில் ஐயம் தோன்றினால், நாளைக் காலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தேதி போடுங்கள். இரண்டு வருஷம் தாமதித்தவன் கேட்டுக்கொள்ளுகிறேன், நீங்கள் தாமதிக்காதீர்கள்.